மூன்றாம் தட்டுப் பிள்ளைகள்

அம்மா,

போடிநாயக்கனூர் வாழ் பெருமக்களுக்கும், மலைமேல் வாழ் நன்மக்களுக்கும், நீ இப்போது இருக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை ஏதும் இருந்தால் அதை நின்று படிப்போருக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: இன்று காலை நம் வீட்டுச் சமையலறையில் அந்துப்பூச்சி ஒன்று தன் டப்பாவை விட்டு வெளியேறி, வேலைக்குக் கிளம்பி நின்ற அப்பாவின் சட்டைப்பையில் அமர்ந்தது. அப்பா அலறவில்லை. நாற்காலி மேல் ஏறவில்லை. செய்தி முடிந்தது.

முதல் பாதியை நீ நம்பிவிடுவாய். மூடியில் துணியை இறுக்கிக் கட்டாமல் விட்டது நான்தான் என்று தீர்ப்பும் எழுதிவிடுவாய். இரண்டாம் பாதியைத்தான் நம்பமாட்டாய். குளியலறையில் ஒரு கரப்பான் உட்கார்ந்திருந்தால் குளிக்காமலே வங்கிக்குப் போய், நாள் முழுக்க ஒன்றும் நடக்காதது போலக் கையெழுத்துப் போடுகிற மனிதர் அல்லவா அவர். அவர் ஏன் அலறவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் பெருமை போய்விடும். அதற்கு முன் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை எழுந்தது. தேன், பால்மாவு, ஈஸ்ட், மக்காச்சோள மாவு, கோதுமைத் தவிடு. மிட்டாய்க் கடையும் பேக்கரியும் ஒரே மழையில் சேர்ந்து நனைந்தது போல ஒரு மணம். மற்ற பையன்களுக்கு அம்மா என்றால் மஞ்சள், மல்லிகை, தாளிப்பு. எனக்கு அம்மா என்றால் புழுத் தீனி. பஸ்சில் யாராவது தேன் பாட்டிலைத் திறந்தால் நான் திரும்பிப் பார்க்கிறேன். திரும்பிய பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகத்துக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த வரிசையில்தான் வருகிறது; ஒரு தடவையாவது முதலில் ஞாபகம் வந்து, பிறகு நான் திரும்பாமல் இருந்ததில்லை.

எல்லா அம்மாக்களும் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டினார்கள். நீ ஆண்டியைக் கழற்றிவிட்டுப் பூச்சியை மட்டும் காட்டினாய். மலைமேல் ஆராய்ச்சி மையத்தில் உனக்கு வேலை. உன் எதிரி ஏலச்செடியின் வேர்ப்புழு. கோடை மழை ஒன்று பெய்ததும் தோட்டத்துக்குள் நீலப்பச்சை வண்டுகள் பறந்து வரும், நகைக்கடையிலிருந்து தப்பி வந்தவை மாதிரி. சருகில் முட்டையிடும். பொரிந்த புழுக்கள் மண்ணுக்குள் இறங்கி வேரைச் சுரண்டித் தின்னும். மேலே இலை மஞ்சளாகும். உரம் பற்றவில்லை என்று நினைத்துத் தோட்டக்காரர் உரம் போடுவார். கீழே பந்தி நடந்துகொண்டிருக்கும்.

அதற்குத் தோட்டக்காரர்கள் வைத்திருந்த பதில், தூருக்குத் தூர் மருந்து ஊற்றுவது. பெரிய மாமாவும், அதாவது உன் அண்ணனும், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தன் தோட்டத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். தோட்டத்துக்குள் ஓடை ஓடுகிறது. அதில்தான் வேலைக்கு வருகிறவர்கள் தண்ணீர் மொண்டு குடிக்கிறார்கள். "ஊத்துற மருந்து எங்கண்ணே போகுது?" என்று நீ கேட்ட அன்று மாமா வானத்தைப் பார்த்தார். ஓடை கீழேதான் ஓடியது.

நீ வைத்திருந்த பதில் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசு. வேர்ப்புழுவைத் தேடிப்பிடித்து உள்ளே புகுந்து, தன் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிரை அவிழ்த்துவிட்டு ஆளைத் தீர்த்துவிடும். அதை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் தேன்கூட்டு மெழுகைத் தின்னும் கொழுத்த வெள்ளைப் புழு, அதாவது அந்துப்பூச்சியின் குஞ்சு, தேவைப்பட்டது. அதை வளர்த்து, அதற்குள் நூற்புழுவை ஏற்றி, அது செத்துச் செங்கல் நிறமானதும் ஏலத்தூர் அடியில் புதைக்க வேண்டும். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு மாமா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஏத்தா, அவனவன் காசு குடுத்துப் புழுவக் கொல்றான். நீ தூக்குச்சட்டியில புழுவக் கொண்டாந்து எந்தோட்டத்துல பொதைக்கிறேங்குற. ஒனக்கே இது நல்லாருக்கா?"

"இதப் புழுன்னு பாக்காதண்ணே. ஜீப்புன்னு நெனச்சுக்க. உள்ள நெறைய ஆளு ஒக்காந்திருக்கு. தூருக்கிட்டக் கொண்டுபோயி நிறுத்துனா எறங்கிச் சோலியப் பாக்கப் போயிரும்."

"செத்த புழு என்னத்தச் சோலி பாக்கும்?"

"செத்ததுக்கப்பறந்தாண்ணே இதுக்குச் சோலியே ஆரம்பம்."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அப்போது அது வெறும் நகைச்சுவையாக இருந்தது.

கடைசியில் மாமா ஓடைக்கரைத் துண்டு நிலத்தை மட்டும் உனக்கு விட்டுக்கொடுத்தார். "இந்தத் துண்டுல மருந்து ஊத்தல. உம்புழு என்ன கிழிக்குதுன்னு பாக்குறேன். தூரு மஞ்சளாச்சுன்னா அடுத்த மழைக்கு நான் பாட்டுக்கு ஊத்திருவேன், அழுவக்கூடாது." மற்ற தோட்டக்காரர்கள் வேலி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தத் துண்டு தேறினால்தான் அவர்களும் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சின்னத் துண்டுக்காக அப்படி அலைந்தாய்.

மலைக் குளிரில் வெள்ளைப் புழு சோம்பிச் சுருண்டுவிடும். போடி வெயிலில்தான் மளமளவென்று வளரும். ஆகவே அந்தத் துண்டுக்கான புழுக்களை நம் சமையலறை அலமாரியின் மூன்றாம் தட்டில் குடிவைத்தாய். கீழே தின்று தூங்கி, மேலே வேலைக்குப் போகிறவர்கள். அசல் போடிக்காரர்கள் என்பாய். தனிக்குடும்பமாக இருந்த வீடு அன்று முதல் கூட்டுப்புழுக் குடும்பமானது. அப்பா விதித்த நிபந்தனை ஒன்றுதான்: தட்டுக்கு முன்னால் திரை கட்ட வேண்டும். புழு என்ற சொல்லைக்கூட அவர் வாயால் சொல்லமாட்டார். "அதுகளுக்குத் தீனி வச்சாச்சா?" என்பார், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு.

அந்த மனிதர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ கலக்கி வைத்திருந்த தீனியைச் சத்துமாவு என்று நினைத்துக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கேட்டார். நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். "இருங்க, புள்ளைகளுக்கு மிச்சம் இருக்கான்னு பாக்குறேன்" என்று மூன்றாம் தட்டைப் பார்த்தாய். அன்று சாயங்காலம் வரை அப்பா பல் துலக்கினார்.

அந்தச் சம்பவத்திலிருந்து எனக்குக் கிடைத்த ஞானம்தான் தீபாவளி லட்டு. அதே தீனியை நெய் தொட்டு உருட்டி, முந்திரி பதித்து, மாமாவுக்கு நீட்டினேன். மென்றுகொண்டே சொன்னார்: "ஏத்தா, லட்டு பிரமாதம். ஆனா போடியில இருந்துக்கிட்டு ஏலக்கா போடாம லட்டு பிடிச்சவ நீ ஒருத்திதான்." நீ என்னைப் பார்த்தாய். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

என் குறும்புக்கெல்லாம் உன்னிடம் மாற்று மருந்து இருந்தது. மீன்பிடிக்கிற ரப்பர் புழு ஒன்றை உன் டப்பாவுக்குள் போட்டுவிட்டு, நீ எப்போது திடுக்கிடுவாய் என்று காத்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நாள்கள் போயின. நீ ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில் என் தட்டில் தோசைக்குப் பதிலாக அந்த ரப்பர் புழு, கண்ணாடித் தட்டுக்குள் சுருண்டு படுத்திருந்தது. மேலே என் பெயர் எழுதி ஒட்டியிருந்தாய்.

"அப்பு, இதுக்கு எம்புட்டுத் தீனி வச்சாலும் வளர மாட்டேங்குது, வேலையும் பாக்க மாட்டேங்குது. அதான் தீனிய நிறுத்திட்டேன்" என்றாய்.

"அதுக்குத்தானம்மா நிறுத்துன? எனக்கு எங்க தோசை?"

"ரெண்டும் ஒரே எனந்தான?"

உன்னைப் போல என்னைத் தோற்கடிக்க இப்போது ஆள் இல்லை, அம்மா. பள்ளிக்கூடத்தில் நான் செய்கிற குறும்புக்கு எல்லாரும் சிரித்துவிடுகிறார்கள், அல்லது அடித்துவிடுகிறார்கள். திருப்பிக் கொடுப்பவர் யாருமில்லை. எதிரில் ஆளில்லாமல் பந்து அடிப்பது போல இருக்கிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தபோது இரத்தத்தில் என்னவோ கோளாறு என்றார்கள். பிறகு அந்தக் கோளாறின் பெயரைச் சொன்னார்கள். நீ அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டதெல்லாம், "டப்பாவத் தெறந்து பாத்தியா? தீனி காஞ்சு கெடக்கா?" என்பதுதான். அடுத்த தடவை வரும்போது பதிலையே கையோடு கொண்டுவந்தேன். பழைய மாத்திரை டப்பிக்குள் ஒரு கொழுத்த வெள்ளைப் புழு. அதை உன் உள்ளங்கையில் வைத்தேன். அது உன் ஆயுள் ரேகை மேல் ஊர்ந்து, மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை முகர்ந்து பார்த்தது. அந்நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தார்.

"ஐயையோ! மேடம், கையில புழு! அசையாதீங்க!"

"பயப்படாதீங்க சிஸ்டர். எம்புள்ளைதான்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். "நான் மூத்தவன் சிஸ்டர். இது எளையது" என்றேன். நீ சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு போனார். புழுவை டப்பிக்குள் திரும்ப விடும்போது, "நல்ல வெயிட்டு போட்டிருக்கு" என்று சொன்னாய். அன்று உனக்குத்தான் எடை குறைந்துகொண்டிருந்தது.

தைப் பனியில் நீ போனாய். அதைப் பற்றி எழுதினால் எனக்கு வேடிக்கை வராது. எழுதவில்லை.

இனி பீற்றல். கோடை மழை பெய்தது. மாமாவிடமிருந்து போன் வந்தது. எப்போதும் கத்திப் பேசுகிறவர் அன்று மெதுவாகப் பேசினார்.

"மாப்ளே, வண்டு பறந்து முடிஞ்சிருச்சு. இந்நேரம் முட்ட வச்சிருக்கும். அந்த ஓடைக்கரைத் துண்டுக்கு இந்த வருசம் மருந்து ஊத்திரவா? அம்மா இருந்தா நான் கேக்கவே மாட்டேன்யா. சும்மா விட்டா தூரெல்லாம் போயிரும்."

நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஊத்தாதீங்க மாமா. புழு இருக்கு."

"யாரு வளக்குறா?"

"நாந்தான். வேற யாரு?"

எப்படி? 'வேற யாரு' என்று சொன்னபோது என் குரல் நுனிக்காலில் எம்பி நின்றது. உன் மையத்தில் வேலை பார்க்கும் அக்கா சின்னக் குப்பியில் நூற்புழுத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். ஈரத்தாளில் அதைத் தெளித்து, மேலே வெள்ளைப் புழுக்களை விட்டேன். அவை துவண்டு, பிறகு மெல்லச் செங்கல் நிறமாயின. நீ செய்வது போலவே ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். கறுத்து நாறினால் தோல்வி, சிவந்து நாறாமல் இருந்தால் வெற்றி. சில நாறின. பெரும்பாலும் நாறவில்லை. விஞ்ஞானி மகன், அதுவும் ஒற்றை ஆளாக! தூக்குச்சட்டியில் ஈரத்துணி விரித்து, அதில் அடுக்கி, விடியற்காலை ஜீப்பில் ஏறினேன்.

தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு நெருக்கி உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "தூக்குல என்னப்பா, இட்லியா? வாசமே வரல?"

"இட்லிதாண்ணே. கொஞ்சம் செவந்திருக்கும், பரவால்லையா?" என்று மூடியைத் திறந்து காட்டினேன்.

"அடச்சீ! எறங்குடா கீழ!"

ஜீப்பே சிரித்தது. எதிரில் இருந்த பெரியம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து சட்டிக்குள் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏய்யா, நீ புழு மேடம் மகனா?"

"ஆமா."

"அதான பாத்தேன். அந்தத் தாயி இந்தச் சட்டியக் கீழயே வைக்காது. மடியிலதான் வச்சிருக்கும், கொண்டை ஊசி வளைவுல கவுந்துருமுன்னு. நீயும் மடியில வச்சுக்கய்யா."

மடியில் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு போடிமெட்டு வரும்வரை வளைவுக்கு வளைவு சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கீழே ஊர் சிறிதாகிக்கொண்டே போனது. நீ எத்தனை தடவை இதே மாதிரி உட்கார்ந்து, எதை நினைத்துக்கொண்டு போயிருப்பாய் என்று யோசித்தேன். அதை உன்னிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்டதெல்லாம் 'தோசை எங்கே' என்பதுதான்.

தோட்டத்தில் மாமா மண்வெட்டியோடு காத்திருந்தார். புதைப்பதற்கு முன் ஒரு தூர் அடியில் குந்தி, கையாலேயே மண்ணை விலக்கினார். சருகு, ஈரமண், அதற்குள் வெள்ளை வெளேரென்று புது வேர்கள். போன வருடம் நீ புதைத்த இடம் அது.

"பாத்தியா மாப்ளே. எல்லாத் தூரும் இப்பிடின்னு சொல்ல மாட்டேன். அங்கிட்டு ரெண்டு மூணு மஞ்சளாத்தான் கெடக்கு. ஆனா இது..." என்று நிறுத்திவிட்டு, அந்த வேரை மறுபடி மண்ணால் மூடினார். தூங்குகிறவர்களுக்குப் போர்த்திவிடுவது போல மூடினார். பிறகு இருமிக்கொண்டே சொன்னார்: "மேல் துண்டுக்கும் நான் இந்தத் தடவ ஊத்தல. அதுக்கும் சேத்துக் கொண்டா. பத்துமா?"

பத்தாது. ஆனாலும் "பத்தும் மாமா" என்றேன். வேலி ஓரத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவரிடம், "என்னய்யா பாக்குற, எந்தங்கச்சி ஜீப்பு வந்திருக்கு" என்றார்.

நான் தூர் தூராகப் புழுக்களை வைத்து, விரலால் மண்ணை அழுத்தினேன். செத்ததுக்கப்பறந்தான் சோலியே ஆரம்பம் என்று நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை தூறத் தொடங்கியதால், என் முகம் ஏன் நனைந்திருக்கிறது என்று யாரும் கேட்கவும் இல்லை.

புழு வளர்க்கிறவன் புழுகாமல் இருப்பானா, அம்மா? இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மாமாவிடம் "புழு இருக்கு" என்றேனே, அப்போது இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. மதுரையிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றிலிருந்து நான் மூன்றாம் தட்டின் திரையைத் தொட்டதே இல்லை. திரையை விலக்கினால் வாசனை வரும். வாசனை வந்தால் திரும்பிப் பார்ப்பேன். சமையலறைக்குள் போவதையே குறைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரையை விலக்கினேன். காய்ந்த தீனியும் நூலாம்படையும் செத்த அந்துகளும் கிடக்கும் என்று நினைத்தேன்.

உள்ளே புதுத் தீனி, ஈரம் காயாமல். கொழுத்த வெள்ளைப் பிள்ளைகள். ஒவ்வொரு டப்பாவின் வாயிலும் அப்பாவின் கைக்குட்டை, அதன்மேல் வங்கியில் நோட்டுக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டு. பக்கத்தில் உன் கையுறை ஜோடி; அவர் கைக்குப் பற்றாமல் விரலிடுக்கெல்லாம் கிழிந்திருந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும் நான் அலமாரி பக்கத்திலேயே நின்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "தெறந்துட்டியா?"

"நீங்களாப்பா?"

"கண்ண மூடிக்கிட்டுத்தான் வச்சேன். பாதி கீழ கொட்டிருச்சு."

"எப்ப இருந்து?"

"ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாடா ஒங்கம்மா. பய வாய்தான் பேசுவான், நான் இல்லாட்டி அந்தத் தெரையத் தொட மாட்டான். அவனாத் தெறக்குற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க. தெறக்கச் சொல்லி வெரட்டாதீங்கன்னா."

என் கடைசி நாடகத்தையும் நீ முன்கூட்டியே பார்த்து, பதில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். ஒற்றை ஆளாக வளர்த்தேன் என்றதெல்லாம் பொய். வளர்த்தவர் அப்பா. நூற்புழு ஏற்றிப் புதைக்கக் கொண்டுபோனது மட்டும்தான் நான், அதுவும் உன் சட்டியில், உன்னைப் போல மடியில் வைத்து, யாரோ சொல்லிக் கொடுத்தபடி.

காலையில் அந்து சட்டைப்பையில் உட்கார்ந்ததும் நான் தட்டிவிடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறித்தான் இருந்தது. "இருக்கட்டும்டா. அதுவாப் போகட்டும்" என்றார். அது போகவில்லை. அப்படியே தெருவில் இறங்கி நடந்தார், நெஞ்சை ஆட்டாமல், தளும்பும் குடத்தைச் சுமக்கிறவர் போல.

நான் டப்பாவின் மூடியை இறுக்கிக் கட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். விரலெல்லாம் தேனும் ஈஸ்ட்டுமாக மணக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. இன்னும் கை கழுவவில்லை.